கருத்தரங்குக்கு ஏழு வாரம்: பேடன்ட்டை எங்கே தொடங்குவது?

கேள்வி: தென் மாவட்ட அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் வேதியியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். நானும் என் பிஎச்.டி. மாணவரும் முருங்கைப் பிசினையும் இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானையும் சேர்த்து வாழைப்பழத்துக்கு ஒரு மேல்பூச்சு செய்திருக்கிறோம். பூசிய பழம் ஐந்து நாள் கூடுதலாகத் தாங்குகிறது. ஏழு வாரத்தில் ஒரு சர்வதேசக் கருத்தரங்கு, சுருக்கம் அனுப்பியாகிவிட்டது. இதற்குள் ஒரு பழ ஏற்றுமதி நிறுவனம் அரை லிட்டர் மாதிரியும் செய்முறையும் கேட்கிறது. ஓர் ஏஜென்ட் மூன்று வாரத்தில் வெளிநாட்டு பேடன்ட் வாங்கித் தருகிறேன் என்கிறார். துறைத்தலைவர் தன் பெயரையும் சேர்க்கச் சொல்கிறார். பேடன்ட் யாருக்குச் சொந்தம்? பணம் வந்தால் எங்களுக்கு எவ்வளவு? பதவி உயர்வுக்கு உதவுமா?

பதில்:

நாலைந்து கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அதில் அவசரமானதை மட்டும் கேட்கவில்லை. அந்தச் சுருக்கத்தில் என்ன எழுதி அனுப்பினீர்கள்?

'இயற்கைப் பிசின் கலந்த பூச்சு, ஐந்து நாள் கூடுதல் ஆயுள்' என்ற அளவில் இருந்தால் பெரிய சேதமில்லை. முருங்கை, கைட்டோசான், எத்தனை சதவீதம், எத்தனை நிமிடம் முக்கினோம் என்று எழுதியிருந்தால் இன்றே அமைப்பாளர்களுக்கு எழுதி, திருத்திய சுருக்கத்தை மாற்றச் சொல்லுங்கள். சுருக்கத் தொகுப்பு இணையத்தில் என்றைக்கு ஏறும் என்ற தேதியையும் கேட்டு வாங்குங்கள். உங்களுக்குக் கெடு அந்தத் தேதிதான், மேடையேறும் நாள் அல்ல. விண்ணப்பம் பதிவாகும் முன் உலகில் எந்த மூலையில் வெளியானாலும் புதுமை போய்விட்டது என்பதே பொது விதி.

விலக்கு ஒன்று உண்டு. நம் பேடன்ட் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, கற்றோர் சங்கத்தில் வாசித்த கட்டுரைக்கும் அந்தச் சங்கத்தின் வெளியீட்டில் வந்ததற்கும் 12 மாத அவகாசம் தருகிறது. 2024 விதித் திருத்தத்துக்குப் பிறகு 31-ஆம் படிவம் கொடுத்து அதைக் கேட்க வேண்டும். இதை நம்பி மேடையேறாதீர்கள். நிகழ்ச்சி ஏற்பாட்டு நிறுவனம் ஓட்டலில் நடத்தும் கருத்தரங்கைக் கற்றோர் சங்கம் என்று நிலைநாட்டுவது உங்கள் பாடு. ஐரோப்பாவில் இந்தச் சலுகையே கிடையாது. ஸ்டான்ஃபோர்டின் கோஹன்–போயர் மரபணு ஒட்டு முறை இதற்குப் பழைய பாடம். கட்டுரை 1973 நவம்பரில் வந்தது, விண்ணப்பம் 1974 நவம்பரில், ஓராண்டு முடியச் சில நாள் இருக்கும்போது போடப்பட்டது. அமெரிக்கச் சட்டத்தில் ஓராண்டு அவகாசம் உண்டு என்பதால் அங்கே பிழைத்தது, சுமார் 25 கோடி டாலர் ராயல்டியும் வந்தது. மற்ற நாடுகளில் உரிமையே கிடைக்கவில்லை.

கசிவது கருத்தரங்கில் மட்டுமல்ல. பிஎச்.டி. வாய்மொழித் தேர்வு பொது நிகழ்ச்சி. ஆய்வேடு ஷோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் ஏறும். இதழ்களில் அச்சுக்கு முன் இணையத்தில் வரும் தேதியே கணக்கு. துறை வாட்ஸ்ஆப் குழுவில் போஸ்டர் படம் போடும் பழக்கத்தையும் ஏழு வாரம் நிறுத்திவையுங்கள்.

ஏழு வாரத்தில் முடிகிற வேலை புரொவிஷனல் (தற்காலிக) விண்ணப்பம். முதல் வாரம் கண்டுபிடிப்பு அறிக்கையை எழுதி அறிவுசார் சொத்துரிமைப் பிரிவில் கொடுங்கள். இரண்டாம் வாரம் இதற்கு முன் வந்த பேடன்ட், கட்டுரைகளைத் தேடல். மூன்றும் நான்கும் எழுத. ஐந்தாம் வாரம் பதிவு. மீதி இரண்டு வாரத்தைப் பதிவாளர் கையெழுத்துக்கு என்று ஒதுக்கிவையுங்கள், அது வேண்டியிருக்கும். பல இடங்களில் சிண்டிகேட் கூடினால்தான் ஒப்புதல் என்பார்கள். துணைவேந்தர் அனுமதியோடு பதிவுசெய்துவிட்டு அடுத்த கூட்டத்தில் பின்னேற்பு வாங்க வழியிருக்கிறதா என்று முதல் நாளே எழுத்தில் கேளுங்கள். கல்வி நிறுவனங்களுக்கு 2021 முதல் கட்டணம் குறைவு: இணையவழிப் பதிவுக்கு 1,600 ரூபாய், பரிசோதனைக் கோரிக்கைக்கு 4,000. 30 பக்கம், 10 கிளெய்முக்கு (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வரி) மேல் போனால் தனி. உங்கள் பல்கலைக்கழகம் மாநிலச் சட்டத்தால் அமைந்தது என்பதால் 8,000 கட்டி விரைவுப் பரிசோதனையும் கேட்கலாம். ஏஜென்ட் கட்டணம் இதில் சேராது. சென்னை அலுவலகம் கிண்டியில், ஆனால் நேரில் போக வேண்டியதில்லை.

புரொவிஷனல்தானே என்று இரண்டு பக்கத்தில் முடிக்காதீர்கள். அதில் எழுதியதற்குத்தான் அந்தத் தேதி கிடைக்கும். 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு தர வேண்டும், அப்போது புதிதாகச் சேர்ப்பவற்றுக்குப் புதுத் தேதிதான். கையில் இருக்கும் அளவுகள், தோல்வியடைந்த சோதனைகள், மாற்றுப் பொருட்கள் எல்லாவற்றையும் கொட்டுங்கள். பிறகு, 9-ஆம் படிவம் போட்டு முன்கூட்டியே வெளியிட வேண்டும் என்று பல்கலைக்கழக அலுவலகத்தில் அவசரப்படுத்துவார்கள். தரவரிசைக்கு வெளியான பேடன்ட் எண்ணிக்கையும் கணக்கு, அதுதான் அவசரத்துக்குக் காரணம். சாதாரணமாக 18 மாதம் கழித்து வெளியாவது முன்பே வெளியானால், எட்டாவது மாதம் நீங்கள் கண்டுபிடிக்கும் மேம்பட்ட கலவைக்கு உங்கள் பழைய விண்ணப்பமே எதிர்ச்சான்றாக வந்து நிற்கும். முடியாது என்று சொல்லுங்கள்.

இனி, ஐந்து நாள் கூடுதலாகத் தாங்குகிறது என்பதைப் பேடன்ட் அலுவலகப் பரிசோதகர் எப்படிப் படிப்பார் என்று பாருங்கள். கைட்டோசான் பூச்சு பல்லாண்டுப் பழையது. முருங்கைச் சாறு கலந்த பூச்சைத் தென்னாப்பிரிக்காவில் அவகாடோவில் சோதித்துக் கட்டுரையே வந்திருக்கிறது. தெரிந்த இரண்டைக் கலந்தீர்கள், அவ்வளவுதானே என்று 3(இ) உட்பிரிவைக் காட்டுவார். வெறும் கலவைக்கு பேடன்ட் இல்லை என்கிற உட்பிரிவு அது. முருங்கைப் பிசினின் பாரம்பரியப் பயன்பாட்டைச் சொல்லி 3(p) உட்பிரிவும் வரும். இரண்டுக்கும் மறுமொழி ஒன்றுதான்: இரண்டும் சேரும்போது தனித்தனி விளைவுகளின் கூட்டுத்தொகையை விட அதிகம் கிடைக்கிறது என்று எண்ணில் காட்டுவது.

பூசாத பழம் ஒன்பதாம் நாளில் 14% எடை இழக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கைட்டோசான் மட்டும் பூசினால் 11, பிசின் மட்டும் பூசினால் 12. தனித்தனியாக 3-ம் 2-ம் மிச்சம், கூட்டினால் 5. இரண்டும் சேர்ந்த பூச்சில் இழப்பு 9% என்றால் மிச்சமும் 5-தான். அது வெறும் கலவை, வழக்கு அங்கேயே முடிந்தது. இழப்பு 6% என்றால் மிச்சம் 8, கூட்டுத்தொகையைத் தாண்டிய அந்த 3 புள்ளியில்தான் உங்கள் பேடன்ட் நிற்கிறது. ஆகவே பூசாதது, கைட்டோசான் மட்டும், பிசின் மட்டும், இரண்டும் என்று நான்கு குழு வேண்டும். கரைப்பானும் கிளிசராலும் மட்டும் பூசிய ஐந்தாவது குழுவும் வேண்டும், பெரும்பாலானோர் விட்டுவிடுவது இதைத்தான். கைட்டோசான் கரைய அசிட்டிக் அமிலம் போட்டிருப்பீர்கள். பூஞ்சையைத் தடுத்தது அமிலம்தான் என்று பரிசோதகர் சொன்னால் இந்தக் குழு இல்லாமல் பதில் சொல்ல முடியாது. எடை இழப்போடு கெட்டித்தன்மை, பிரிக்ஸ் (சர்க்கரை அளவு), கரிப்புள்ளி, கரியமில வாயு வெளியீடு ஆகியவற்றையும் ஒரே நாட்களில் எடுங்கள். ஒரே தாரின் ஒரே சீப்பிலிருந்து எல்லாக் குழுவுக்கும் பழம் பிரித்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது பூச்சையா, முதிர்ச்சி வேறுபாட்டையா என்று தெரியாது.

கிளெய்ம் எழுதும்போது 'முருங்கைப் பிசினும் கைட்டோசானும் கொண்ட பழப்பூச்சு' என்று அகலமாகத் தொடங்கினால் பழைய கட்டுரை ஒன்றே அதை வீழ்த்தும். 'கைட்டோசான் 1.0%, பிசின் 2.0%' என்று ஒற்றை எண்ணில் நின்றால் போட்டியாளர் 1.1% போட்டுத் தப்பிவிடுவார். 'எடையில் 0.8 முதல் 1.2% கைட்டோசான், 1.5 முதல் 2.5% பிசின், 0.3 முதல் 0.6% கிளிசரால், பி.ஹெச். இத்தனை முதல் இத்தனை' என்று வரம்பாக எழுத வேண்டும். எண்களை உங்கள் தரவிலிருந்து எடுங்கள், நான் தந்தவை வடிவத்துக்காக மட்டும். வரம்பின் இரு முனையிலும் நடுவிலும் தரவு இருந்தால்தான் வரம்பு நிற்கும். முனைக்கு வெளியே பூச்சு வெடிக்கிறது, பிசுபிசுக்கிறது என்ற தோல்வித் தரவை மறைக்காதீர்கள். வரம்பு ஏன் அங்கே முடிகிறது என்று காட்டும் சாட்சி அது. முதல் பரிசோதனை அறிக்கை வந்த பிறகு பதில் சொல்ல 6 மாதம், கேட்டு வாங்கினால் இன்னும் 3. முழு விவரக்குறிப்பில் இல்லாத எதையும் அந்த நேரத்தில் உள்ளே சேர்க்க முடியாது.

பிசின் இந்திய உயிரியல் வளம். இறால் ஓட்டுக் கைட்டோசானும் அப்படித்தான், அதை மறந்துவிடுகிறார்கள். இரண்டும் எங்கிருந்து வந்தது என்று விவரக்குறிப்பில் எழுதியாக வேண்டும், எழுதாமல் விட்டால் அதைக் காரணமாகக் காட்டியே எதிர்மனு போடலாம். பல்லுயிர்ச் சட்டத் திருத்தம் 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி இந்திய விண்ணப்பதாரர் பேடன்ட் வழங்கப்படுவதற்கு முன் தேசியப் பல்லுயிர் ஆணையத்தில் பதிய வேண்டும். ஆணையம் சென்னை தரமணியில் இருக்கிறது. பிசின் வாங்கிய கடை ரசீது, ஊர், மாதம் எல்லாம் குறிப்பேட்டில் இருக்கட்டும்.

உரிமை யாருக்கு என்று கேட்டீர்கள். பேடன்ட் பல்கலைக்கழகத்தின் பெயரில் இருக்கும், கண்டுபிடிப்பாளர்களாக நீங்களும் மாணவரும் இருப்பீர்கள். ஆய்வுக்கு வெளிநிதி இருந்தால் அனுமதிக் கடிதத்தின் நிபந்தனையையும் படித்துப் பாருங்கள். உங்களை வேலை ஒப்பந்தமும் பல்கலைக்கழகக் கொள்கையும் கட்டும். மாணவர் ஊழியர் அல்லர், அவரிடம் தனியாக எழுதி வாங்க வேண்டும். வாசகத்தைப் பாருங்கள்: 'எழுதித் தர உடன்படுகிறேன்' போதாது, 'இதன்மூலம் எழுதித் தருகிறேன்' என்று இருக்க வேண்டும். இந்த ஒரு வினைச்சொல்லில்தான் ஸ்டான்ஃபோர்ட் ரோஷ் நிறுவனத்திடம் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது, 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலும் அந்தத் தோல்வி மாறவில்லை. ஆய்வாளர் பல்கலைக்கழகத்துக்கு முதல் வாசகத்தில் கையெழுத்திட்டிருந்தார். பிறகு பயிற்சிக்குப் போன நிறுவனத்தில் நீட்டிய படிவத்தில் இரண்டாம் வாசகம் இருந்தது, அந்த நிறுவனத்தின் உரிமை பின்னர் ரோஷிடம் போனது. உங்கள் மாணவர் எங்காவது இன்டர்ன்ஷிப் போகும்முன் உங்கள் படிவத்தில் கையெழுத்து ஆகட்டும்.

துறைத்தலைவர் விஷயம் தர்மசங்கடம்தான். அளவுகோல் எளிது: கிளெய்மில் உள்ள ஏதாவது ஒரு வரியின் யோசனை யாருடையதோ அவரே கண்டுபிடிப்பாளர். ஆய்வகம் தந்தது, கோப்பில் கையெழுத்திட்டது, கருவி இயக்கியது எதுவும் கணக்கில் வராது. நன்றியுரையில் பெயர் போடலாம். கிளெய்ம் வாரியாக 'இந்த வரி யாருடையது, குறிப்பேட்டில் எந்தப் பக்கம், எந்தத் தேதி' என்று ஓர் அட்டவணை தயாரித்து அறிக்கையோடு இணையுங்கள். யாரையும் எதிர்த்துப் பேச வேண்டியதில்லை, அந்தக் கட்டத்தை நிரப்பச் சொன்னால் போதும். இதே அட்டவணையில் மாணவர் பெயர் இருந்தால் அவரை விட்டுவிடவும் முடியாது.

அந்த ஏஜென்ட்டுக்கு ஒற்றை ரூபாய் தராதீர்கள். மூன்று வாரத்தில் வருவது பெரும்பாலும் பிரிட்டிஷ் டிசைன் பதிவு, அது தோற்றத்துக்கான பாதுகாப்பு, பூச்சுக்குத் தோற்றமே இல்லை. இல்லாவிட்டால் புதுமையைச் சோதிக்காமல் பதியும் ஜெர்மானிய யூட்டிலிட்டி மாடல். முன்பு ஆஸ்திரேலிய இன்னொவேஷன் பேடன்ட்டைக் காட்டி இதையே விற்றார்கள். 2021 ஆகஸ்ட்டோடு புதிய விண்ணப்பம் நின்றதும் கடையை இடம் மாற்றிக்கொண்டார்கள். இந்தியாவில் வசிப்பவர் முன் அனுமதியின்றி முதலில் வெளிநாட்டில் பதிவது 39-ஆம் பிரிவை மீறுவதாகும், உங்கள் இந்திய விண்ணப்பத்தையும் அது சாகடிக்கும். வெளிநாடு உண்மையிலேயே வேண்டுமென்றால் 12 மாதத்துக்குள் பி.சி.டி. (பல நாடுகளுக்கு ஒரே விண்ணப்பம்) வழியில் போகலாம். செலவை ஏற்க லைசென்ஸ் எடுப்பவர் இல்லாவிட்டால் போகாதீர்கள்.

ஏற்றுமதி நிறுவனத்துக்குச் செய்முறை இப்போது இல்லை. மாதிரியை விண்ணப்ப எண் வந்த பிறகு அனுப்பலாம். அதுவும் பொருள் மாற்ற ஒப்பந்தத்தோடு மட்டும்: பகுப்பாய்வு செய்யக்கூடாது, மூன்றாம் நபருக்குத் தரக்கூடாது, முடிவுகளை உங்களுக்குத் தர வேண்டும், மீதியைத் திருப்ப வேண்டும். எஃப்.டி.ஐ.ஆர். கருவி இருக்கும் எந்த ஆய்வகமும் உங்கள் அரை லிட்டரில் என்ன இருக்கிறது என்று பெருமளவு சொல்லிவிடும்.

அவர்கள் கேட்டது நல்ல அறிகுறிதான், வாங்கப்போவது சரியான ஆளும்கூட. மண்டிக்கு வாழை தாராகவே வருகிறது, தாரை முக்கிப் பூச ஆள் இல்லை. ஏற்றுமதிக் கேவண்டிஷ் அப்படியல்ல. தேனிப் பக்கத்துப் பேக்கிங் கூடங்களில் சீப்பு பிரித்து, பால் கறை போகத் தொட்டியில் கழுவி, 13 கிலோ பெட்டியில் அடுக்குகிறார்கள். தொட்டி ஏற்கெனவே இருக்கிறது, உங்கள் பூச்சு அதற்கு அடுத்த தொட்டி. ஆனால் அங்கேதான் ஆய்வகத்தில் வராத சிக்கல்கள் வரும். கழுவிய ஈரத்தோடு பழம் இறங்க இறங்கப் பூச்சு நீர்த்துப்போகும். வாழைப்பால் கலந்து கரைசல் கறுக்கும். காயாமல் அடுக்கினால் சீப்புகள் ஒட்டிக்கொள்ளும், காயவைக்க மின்விசிறியும் நிமிடங்களும் வேண்டும். காய் பச்சையாகப் போய் இறங்குமிடத்தில் எத்திலீன் அறையில் பழுக்கிறது. பூச்சு தடித்தால் எத்திலீன் உள்ளே போகாது, உயிர்வளியும் போகாது; திட்டுத்திட்டாகப் பழுக்கும், சாராய வாடை அடிக்கும். நீங்கள் அளந்த ஐந்து நாள் பழுத்த பழத்திலா, காயிலா? நிறுவனத்தின் முதல் கேள்வி அதுவாக இருக்கும். இதற்கான சோதனையைத் திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தோடு சேர்ந்து செய்வதாக இருந்தால், பேசும் முன்பே ரகசிய ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்.

உணவுப் பாதுகாப்பு ஆணையம் பழத்தின் மேல் தேன்மெழுகு, கார்னோபா, அரக்கு மெழுகுகளை அனுமதித்திருக்கிறது. உங்கள் கலவை அந்தப் பட்டியலில் இல்லாததால், வகைப்படுத்தப்படாத உணவுப்பொருளுக்கான 2017 விதிமுறையின் கீழ் ஒப்புதல் கேட்க வேண்டிவரும், நச்சியல் தரவும் தர வேண்டிவரும். பேடன்ட்டை விட இதற்குத்தான் அதிகக் காலமும் காசும். இன்னொன்று: இறால் ஓட்டுப் பூச்சு போட்ட வாழைப்பழத்தை யார் சாமி தட்டில் வைப்பார்கள்? ஒவ்வாமை எச்சரிக்கையும் போட வேண்டியிருக்கும். பூஞ்சையிலிருந்து எடுக்கும் கைட்டோசானில் ஒரு வரிசை சோதனை செய்து, புரொவிஷனலிலேயே அதையும் சேர்த்துவிடுங்கள்.

பணத்துக்கு வருவோம். மத்திய கல்வி அமைச்சகத்தின் 2019 புத்தாக்க, ஸ்டார்ட்அப் கொள்கை, ராயல்டி விற்பனை விலையில் 4 சதவீதத்தைத் தாண்டாமல், முடிந்தால் 1 முதல் 2 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்கிறது. உங்கள் பூச்சு கிலோ பழத்துக்கு 50 பைசா விலை போகிறது, ராயல்டி 3% என்று கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கூடம் ஆண்டுக்கு 1,000 டன் பூசினால் விற்பனை 5 லட்சம், ராயல்டி 15,000 ரூபாய். 20,000 டன் பூசினால்தான் 3 லட்சம். அதில் கண்டுபிடிப்பாளர் பங்கு 60% என்றால் 1,80,000, இருவருக்குப் பாதிப் பாதி. பங்கு விகிதம் உங்கள் பல்கலைக்கழகக் கொள்கையில் இருக்கும். ஸ்டான்ஃபோர்டில் 15% நிர்வாகச் செலவு போக மூன்றில் ஒரு பங்கு கண்டுபிடித்தவருக்கு. அதனால் சதவீதத்தை அரை புள்ளி ஏற்றப் பேரம் பேசுவதில் நேரத்தை விடாதீர்கள். கையெழுத்தன்று ஒரு தொகை, விற்றாலும் விற்காவிட்டாலும் ஆண்டுக்குக் குறைந்தபட்ச ராயல்டி, உணவு ஒப்புதல் செலவும் புதுப்பிப்புக் கட்டணமும் அவர்கள் தலையில், ஆண்டுக்கொரு முறை கணக்குப் பார்க்கும் உரிமை: இவற்றைக் கேளுங்கள். தனி உரிமை கேட்டால் வாழைக்கு மட்டும் கொடுங்கள், மாம்பழமும் தக்காளியும் உங்களிடம் இருக்கட்டும். 18 மாதத்தில் விற்பனை தொடங்காவிட்டால் தனி உரிமை தானாகவே, பிறருக்கும் கொடுக்கக்கூடிய பொது உரிமையாகும் என்றும் எழுதுங்கள். பூட்டிவைக்க மட்டும் வாங்குபவர்கள் இந்த வரியைத்தான் எதிர்ப்பார்கள்.

பதவி உயர்வுக்கு பேடன்ட்டை நம்பினால் ஏமாற்றம்தான். யு.ஜி.சி.யின் 2018 ஒழுங்குமுறை அட்டவணையில் இந்திய பேடன்ட்டுக்கு 7 புள்ளி, அறிவியல் கட்டுரைக்கு 8, இதழின் தாக்கக் குறியீட்டுக்கு ஏற்ப அது கூடவும் செய்யும். பதிவு முடிந்த மறுநாளே கட்டுரையை அனுப்புங்கள், இரண்டும் ஒன்றையொன்று கெடுக்காது. பெயர் என்பது வேறு வழியிலும் வரும். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் ஆர். வாசுதேவன், சூடான ஜல்லியில் நறுக்கிய பிளாஸ்டிக்கை உருக்கிப் பூசும் சாலை முறைக்கு 2006-இல் பேடன்ட் பெற்று, அதை அரசுக்குக் காசில்லாமல் கொடுத்தார். 2013-இல் இந்தியச் சாலைக் காங்கிரஸ் இம்முறைக்கு வழிகாட்டி வெளியிட்டது, 2018-இல் அவருக்கு பத்மஸ்ரீ. இலவசமாகக் கொடுப்பதானாலும் பதிந்துவிட்டுக் கொடுங்கள். அப்போதுதான் வேறொருவர் அதை அடைத்துக்கொள்ள முடியாது.

மாணவருக்கு ஒன்று. பேடன்ட் பல்கலைக்கழகத்தின் பெயரில் இருப்பதால் சான்றிதழின் முகப்பில் அவர் பெரிதாகத் தெரியமாட்டார். 2024 விதிகளில் கண்டுபிடிப்பாளர் சான்றிதழ் என்று தனியே ஒன்று வந்திருக்கிறது, 8ஏ படிவத்தில் கேட்க வேண்டும். நடப்பில் உள்ள பேடன்ட்டுக்குத்தான் அது கிடைக்கும். ஆகவே கிராண்ட் ஆனதும் நீங்களே நினைவூட்டி வாங்கிக் கொடுங்கள், அதற்குள் அவர் வேறு ஊரில் வேலையில் இருப்பார்.